மருவும் புற்றுநோயும்: ஓர் ஐயத்தின் வரலாறு

வெட்கம் ஈமானின் ஒரு கிளை. ஆயினும், மார்க்கத்தைக் கேட்டறிய அன்சாரிப் பெண்களை வெட்கம் தடுக்கவில்லை என்று ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியதையும் நாம் அறிவோம். அந்தத் துணிவில் இதை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு மக்ரிப் தொழுகைக்குப் பின் ஓர் இளைஞர் என்னைத் தனியே அழைத்தார். அவரது மறைவுறுப்பில் தோன்றிய மருக்களை மருத்துவர் மின்சூட்டால் கருக்கி அகற்றியிருந்தார். "ஹஸரத், இது பிறகு புற்றுநோயாகிவிடுமா?" என்று கேட்டார். உரிய மருத்துவரிடம் அனுப்பிவைத்தேன். பின்னர் நானும் நூல்களைப் புரட்டினேன்.

இக்கேள்வி பழையது. 1013ஆம் ஆண்டளவில் மறைந்த குர்துபா அறுவை மருத்துவர் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, தம் 'தஸ்ரீஃப்' நூலின் முப்பதாம் பகுதியில், ஆணுறுப்பின் சதை வளர்ச்சிகளைத் தீயவை, தீங்கற்றவை எனப் பிரித்துச் சிகிச்சை கூறுகிறார். ஆனால் காரணம் அறியப்படவில்லை. ஐரோப்பியரோ நெடுங்காலம் இவற்றை வெட்டை நோயின் விளைவென்றே கருதினர். 1907இல் இத்தாலியின் சியூஃபோ, மருவை அரைத்து நுண்வடிகட்டியில் வடித்த நீரால் மரு தொற்றுவதைக் காட்டினார். காரணம் பாக்டீரியாவன்று, அதினும் நுண்ணியது என்று தெரிந்தது. 1954இல், கொரியப் போர் முடிந்து திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களின் மனைவியரிடம் சில வாரங்களில் மரு தோன்றியதை மருத்துவர்கள் பதிவு செய்தனர். தாம்பத்திய உறவால் பரவுவது உறுதியாயிற்று.

புற்றுநோய் அச்சத்திற்கும் ஆதாரம் இல்லாமலில்லை. 1925இல் ஜெர்மனியின் புஷ்கேயும் லோவன்ஸ்டைனும் ஆண்களிடம் மிகப் பெரிதாக வளர்ந்து அருகிலுள்ள திசுவை அரிக்கும் ஒருவகை மருவை விவரித்தனர். மரு புற்றாக மாறியதாக வேறு சில அரிய குறிப்புகளும் இருந்தன. அவற்றைப் படித்தே ஹரால்ட் சூர் ஹவுசன் 1970களில், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கும் மரு வைரஸே காரணமோ என்று ஐயுற்றார். அக்காலத்தில் பலர் அக்கி வகை வைரஸையே குற்றம் சாட்டியிருந்தனர். அவரது குழுவினர் 6, 11 ஆகிய பாப்பிலோமா வைரஸ் வகைகளைப் பிரித்தெடுத்தனர். ஆனால் புற்றுநோய்த் திசுவில் அவை பெரும்பாலும் இல்லை! தேடலை விடாமல் தொடர்ந்தபோது, 1983இல் 16ஆம் வகையும் அடுத்த ஆண்டில் 18ஆம் வகையும் கிட்டின. இவையே உண்மைக் குற்றவாளிகள். 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பாதி தவறான ஐயம், சரியான கண்டுபிடிப்பில் கொண்டு சேர்த்தது. அல்லாஹ்வின் ஏற்பாடு வியப்புக்குரியது.

ஆகவே இளைஞருக்குரிய விடை இதுவே: பத்தில் ஒன்பது மருக்களை உண்டாக்கும் 6, 11 வகைகள் புற்றுநோயை அரிதாகவே தருகின்றன. மருவைக் கருக்குவதோ உறையவைப்பதோ அதைப் புற்றாக்குவதில்லை. எனினும் ஒருவரிடம் இரு வகை வைரஸும் சேர்ந்திருக்கலாம். ஆறாத புண், இரத்தக் கசிவு, கடினமான கட்டி ஆகியவற்றைக் கண்டால் தாமதிக்கக் கூடாது. புகைப்போருக்கும், எய்ட்ஸ் முதலியவற்றால் எதிர்ப்பாற்றல் குன்றியோருக்கும் ஆபத்து மிகுதி.

சிகிச்சைக்குப் பின் எரிச்சல், தோல் வெளுத்தல், தழும்பு ஆகியவை வரலாம். சிறுநீர்த் துவாரத்தில் செய்தால் அது சில வேளை குறுகிவிடும். முதல் சில மாதங்களில் மரு திரும்புவது சாதாரணம்; புண்ணை அகற்றினாலும் வைரஸ் சுற்றுத்தோலில் தங்கியிருப்பதே காரணம்.

குழந்தைப் பருவத்தில் சுன்னத் செய்யப்பட்டோரிடம் ஆணுறுப்புப் புற்றுநோய் மிக அரிது என்பது உண்மை. ஆனால் அதை நம்பி அலட்சியமாக இருப்போரையும் கண்டிருக்கிறேன். அது முழுக் காவலன்று. தடுப்பூசி 2006இல் வந்தது. 2009 முதல் அமெரிக்காவில் ஆண் பிள்ளைகளுக்கும் அனுமதிக்கப்பட்டது. தொற்றுக்கு முன் போட்டாலே பயன் மிகுதி.

இன்னொன்றையும் இளைஞரிடம் சொன்னேன். இவ்வைரஸ் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் அடையாளமின்றி உடலில் தங்கக்கூடும். எனவே இன்று தோன்றிய மருவை வைத்து, அது எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எவராலும் கூற முடியாது; கணவனோ மனைவியோ ஒருவர் மீது ஒருவர் பழி சுமத்த இது சான்றாகாது. தாம் கேட்கத் தயங்கிய இரண்டாவது கேள்வி அதுதான் என்று அவர் தலைகுனிந்தபடி சொன்னார்.