இன்சுலினும் உணவு வேளையும்

மருந்துகளின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் அவை கண்டுபிடிக்கப்பட்ட நாளோடு கதையை முடித்துவிடுவர். இன்சுலினின் கதை அவ்வாறு முடிவதற்கில்லை. அதைப் பிரித்தெடுத்த முயற்சி ஓராண்டுக்குள் வெற்றி கண்டது. அதை அளவு தவறாது, வேளை தவறாது கையாளும் முறையோ பல பத்தாண்டுகளில் சிறிது சிறிதாகவே உருவாயிற்று.

நாம் உண்ணும் சோறும் பலகாரமும் செரித்துச் சர்க்கரையாகிக் குருதியிற் கலக்கின்றன. அச்சர்க்கரையைத் தசைகளுக்குள் செலுத்துவதற்கு இன்சுலின் என்னும் சுரப்பு வேண்டும். அது கணையத்தில் ஊறுவது. 1889-இல் ஸ்டிராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, வான் மெரிங் என்னும் இரு அறிஞர்கள் ஒரு நாயின் கணையத்தை அகற்றினர். அந்நாய்க்கு நீரிழிவு கண்டது. நோயின் இருப்பிடம் தெரிந்தது, மருந்துதான் கிட்டவில்லை. இன்சுலின் சுரவாத சிறுவர்களை அந்நாளில் பட்டினிக்கு ஒத்த உணவில் வைத்துச் சில காலம் உயிர்வாழச் செய்வதே மருத்துவர்களால் இயன்றதாயிருந்தது.

1921-இல் கனடா நாட்டு டொராண்டோ நகரில், பேராசிரியர் மக்ளியாடின் ஆய்வுக்கூடத்தில் பேன்டிங் என்னும் இளம் மருத்துவரும் பெஸ்ட் என்னும் மாணவரும் கணையச் சாற்றைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரி 11-ஆம் நாள், லெனார்ட் தாம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு அது ஊசிவழி செலுத்தப்பட்டது. சாறு தூய்மையற்றிருந்தமையால் பயன் சிறிதே. ஊசி போட்ட இடமும் புண்ணாயிற்று. வேதியியல் அறிஞர் காலிப் அதனைத் தூய்மைப்படுத்திய பின்னர், ஜனவரி 23-ஆம் நாள் மீண்டும் முயன்றனர். இம்முறை சர்க்கரை நன்கு இறங்கியது. எலும்பும் தோலுமாயிருந்த அச்சிறுவன் தேறி, மேலும் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தான்.

இவ்வெற்றிக்குச் சற்று முன்னரே ஆய்வுக்கூடத்து முயல்கள் ஓர் எச்சரிக்கை தந்திருந்தன. காலிப் சாற்றைச் செலுத்திய முயல்கள் சில வலிப்புற்று விழுந்தன. குளுக்கோஸ் கொடுத்ததும் எழுந்தன. நோயைத் தணிக்கும் பொருளே அளவு மிஞ்சினால் உயிருக்கு இறுதி ஆகலாம் என்பதும், அதற்கு மாற்று சர்க்கரையே என்பதும் அன்றே விளங்கின. இன்சுலினை அளக்கும் ‘யூனிட்’ என்னும் அலகும் முயலின் குருதிச் சர்க்கரை இறங்குவதைக் கொண்டே முதலில் வகுக்கப்பட்டது.

இயற்கையான கணையம் எந்நேரமும் சிறிது இன்சுலினைச் சுரக்கும். உணவு வந்ததும் மிகுதியாகச் சுரக்கும். ஊசி மருந்துக்கோ உணவு வந்ததா இல்லையா என்று தெரியாது. போட்ட அளவு தன் வேலையைச் செய்தே தீரும். 1936-இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹாகடோர்ன், மீனிலிருந்து பெற்ற புரோட்டமின் என்னும் புரதத்தைச் சேர்த்து, நெடுநேரம் நின்று செயற்படும் இன்சுலினை ஆக்கினார். நாள் முழுவதற்கும் ஒன்று, உணவு வேளைக்கு ஒன்று என்னும் முறை இவ்வழியே வளர்ந்தது.

உணவு வேளைக்குரிய பழைய இன்சுலினிலும் ஒரு குறை இருந்தது. அதன் மூலக்கூறுகள் ஆறாறாக ஒட்டிக்கொண்டிருப்பவை. அவை பிரிந்து குருதியிற் சேரச் சிறிது நேரமாகும். ஆகவே உண்பதற்கு ஏறத்தாழ அரைமணி முன்னரே ஊசி போடவேண்டும். 1955-இல் சேங்கர் இன்சுலினின் 51 அமினோ அமிலங்களின் வரிசையை முற்றும் கண்டறிந்தார். அவ்வறிவின் பயனாக, அவற்றுள் இரண்டை இடம் மாற்றி, விரைவிற் பிரியும் ‘லிஸ்ப்ரோ’ 1996-இல் மருத்துவத்துக்கு வந்தது. இதனை உண்பதற்குக் கால்மணிக்குள் போடலாம். விரைவு கூடியதால் எச்சரிக்கையும் கூட வேண்டும்: இலை போட்டபின் போடவேண்டிய ஊசியைப் போட்டுவிட்டு உணவுக்குக் காத்திருத்தல் ஆகாது. உண்ணாத வேளைக்கு அந்த ஊசி வேண்டுவதில்லை. நாள் முழுவதற்குமான ஊசியையோ மருத்துவர் சொல்லாமல் நிறுத்தலாகாது.

அளவுக் குழப்பம் மற்றோர் இடர். நம் நாட்டில் ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் உள்ள மருந்தும், 100 யூனிட் உள்ள மருந்தும் விற்கப்படுகின்றன. 100 யூனிட் மருந்தை 40-க்குரிய ஊசிக்குழலில் 20 கோடு வரை எடுத்தால், உடலுட் செல்வது 20 யூனிட் அன்று, 50 யூனிட். ஆதலால் புட்டியின் எண்ணும் குழலின் எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு முறையும் ஒப்பிடவேண்டும். ஒருவர் ஊசியையோ இன்சுலின் பேனாவையோ மற்றவர் பயன்படுத்துதல் கூடாது.

மாணவ நண்பர்களே, உங்கள் வகுப்பிலும் இன்சுலின் போட்டுக்கொள்ளும் தோழர் ஒருவர் இருக்கலாம். அவர் திடீரென்று வியர்த்து, கைகால் நடுங்கி, பேச்சுத் தடுமாறினால், சோம்பல் என்றோ நடிப்பு என்றோ எண்ணாதீர்கள். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரிற் கரைத்து உடனே பருகச் செய்யுங்கள். கால்மணியில் தேறாவிடில் மீண்டும் கொடுங்கள். தேறியபின் உணவு கொடுங்கள். நினைவிழந்தவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து மருத்துவ உதவியை அழையுங்கள்.

பேன்டிங்கும் மக்ளியாடும் 1923-இல் நோபெல் பரிசு பெற்றனர். தம் கண்டுபிடிப்பின் உரிமையைப் பேன்டிங் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. பெஸ்டும் காலிப்பும் அதனைத் தலைக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தனர். அம்மருந்து எல்லார்க்கும் கிட்டவேண்டும் என்பது அவர்கள் கருத்து. கிட்டிய மருந்து தீங்கின்றிப் பயன்படுவதற்கு, அதன் அளவையும் வேளையையும் அறிந்தவர்கள் நோயாளியின் அருகிலும் இருத்தல் வேண்டும்.