ஆலிஸ் லீ பிறந்த செவ்வாய்க்கிழமை

ஆலிஸ் லீ என்ற குழந்தை 1596 நவம்பர் 23, செவ்வாய்க்கிழமை பிற்பகலில் பிறந்தாள். இதை நமக்குச் சொல்வது ஒரு துணி. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தத் துணி ஒன்றரை அடி நீளம்கூட வராது. லினனில் பட்டு நூலும் உலோக இழையும் கொண்டு தைத்து, இடையிடையே சிறு முத்துகளும் கருமணிகளும் கோத்திருக்கிறார்கள். மேலே நாய், மான், சங்கிலியில் கட்டிய கரடி. கீழே கொடிகளும் கட்டங்களுமாகப் பலவகைத் தையல் மாதிரிகள். நடுவில் எழுத்து வரிசையும் பிறப்புச் செய்தியும். தைத்தவர் ஜேன் போஸ்டாக். தைத்த ஆண்டு 1598. குழந்தைக்கு அப்போது ஏறக்குறைய இரண்டு வயது. ஜேன் அந்தக் குடும்பத்துக்கு உறவுக்காரர் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இப்படிப்பட்ட தையல் மாதிரித் துணிக்குச் சாம்ப்ளர் என்று பெயர். ஆண்டு குறித்துத் தைத்த ஆங்கிலேயச் சாம்ப்ளர்களில் இன்று கிடைப்பவற்றுள் இதுவே மிகப் பழையது.

சாம்ப்ளர் என்ற சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. அதன் பொருள் மாதிரி. அச்சிட்ட கோலப் புத்தகம் நம் பெண்களுக்குக் கிடைப்பதற்கு முன் கோல நோட்டு எப்படியோ, அப்படித்தான் அன்றைய ஐரோப்பியப் பெண்களுக்கு இந்தத் துணி. அடுத்த வீட்டில் ஒரு பூவேலையைப் பார்த்தால் தன் துணியின் ஒரு மூலையில் அதைத் தைத்து வைத்துக்கொள்வார்கள். பிறகு சுருட்டிப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். தேவைப்படும்போது விரித்துப் பார்ப்பார்கள். 1546இல் லிங்கன்ஷயரைச் சேர்ந்த மார்கரெட் தாம்சன் என்பவர் தன் சாம்ப்ளரை உடன்பிறந்தாளின் மகளுக்கு என்று உயிலில் எழுதிவைத்தார். கைவேலை தெரிந்தவரிடமிருந்து கைவேலை கற்பவருக்குப் போகும் சொத்து அது.

ஜேன் போஸ்டாக் அந்த மாதிரித் துணியில் ஒரு வீட்டின் செய்தியைச் சேர்த்தார். கொடியும் பூவும் யாருக்கும் பொது. ஆலிஸ் பிறந்த பிற்பகல் அந்த வீட்டுக்கு மட்டும் சொந்தம். தேதியோடு நிறுத்தாமல் கிழமையையும் பொழுதையும் தைத்தாரே, அந்த அக்கறை என்னை மிகவும் தொடுகிறது. பிள்ளை பிறந்த நேரத்தைக் குறித்துவைக்கும் நம் பாட்டிகளுக்கு அந்த மனது உடனே புரியும். இங்கிலாந்து அப்போது பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியது. அந்தக் கணக்கில் எண்ணிப் பார்த்தேன்: 1596 நவம்பர் 23 செவ்வாய்க்கிழமைதான். இரண்டு ஆண்டு கழித்துத் தைத்தும் கிழமை தப்பவில்லை.

அன்று ஆங்கிலத்தில் 'ஜே' என்ற எழுத்து தனியாகப் பிரிந்திருக்கவில்லை. அதனால் ஜேன் தன் பெயரை 'ஐ' என்ற எழுத்தில் தொடங்கித் தைத்திருக்கிறார். மேல்பகுதியில் சில உருவங்களைத் தைத்துப் பிறகு பிரித்துவிட்ட தடமும் இருக்கிறது.

அடுத்த நூற்றாண்டில் சாம்ப்ளர் கடல் கடந்தது. மேஃபிளவர் கப்பலில் 1620இல் அமெரிக்கா போன மைல்ஸ் ஸ்டாண்டிஷின் மகள் லோரா, ஏறக்குறைய 1653இல் தைத்த நீண்ட துணி அமெரிக்காவின் பிளிமத்தில் உள்ள பில்கிரிம் ஹால் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் தைக்கப்பட்டவற்றில் நமக்குத் தெரிந்து இதுவே பழையது. இன்று கிறிஸ்துமஸுக்காகச் சாம்ப்ளர் தைக்கிறோம், ஆனால் அந்தக் காலத்துத் துணிகளில் கிறிஸ்துமஸைத் தேடாதீர்கள். பக்கத்திலிருந்த மாசசூசெட்ஸ் பே குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை கிறிஸ்துமஸ் கொண்டாடுவது குற்றம். பிடிபட்டால் ஐந்து ஷில்லிங் அபராதம். வேதாகமத்தில் சொல்லாத பண்டிகை என்பது அங்கிருந்த பியூரிட்டன் என்ற கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவினரின் வாதம்.

இந்தக் குடியேற்றங்கள் இருந்த நியூ இங்கிலாந்தில்தான் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து சாம்ப்ளர் முழுக்க முழுக்கக் குடும்பப் பதிவேடாக மாறியது. அடியில் இரண்டு இதயங்கள். அவை அப்பாவும் அம்மாவும். அவற்றிலிருந்து ஒரு மரம் எழும். கிளைகளில் கனிகள், ஒவ்வொரு கனியிலும் ஒரு பிள்ளையின் பெயர். தைத்தவள் பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண் பிள்ளைதான். பிறந்த தேதிக்கு ஓர் இடம், இறந்த தேதிக்கு ஓர் இடம். தன் பெயருக்கு எதிரேயும் அந்த இரண்டாவது இடத்தை அவள் வெறுமையாக விட்டுவைக்க வேண்டும். பின்னால் வேறொரு கை, வேறொரு நூலில் அதை நிரப்பியிருக்கும். வேறு சில துணிகளில் பிறந்த ஆண்டின் இலக்கங்கள் மட்டும் பிரிக்கப்பட்டிருக்கின்றன. வயது ஏறிய பிறகு அதைச் சுவரில் காட்ட மனம் வராத பெண்கள் செய்தது என்கிறார்கள்.

இந்தத் துணிகள் அரசாங்க மேசைவரை போயின. அமெரிக்கச் சுதந்திரப் போரில் போரிட்டவர்களின் விதவைகளுக்கு ஓய்வூதியம் தரும் சட்டம் 1836இல் வந்தது. எப்போது திருமணம் நடந்தது என்று அவர்கள் நிரூபிக்க வேண்டும். பல ஊர்களில் பதிவேடு இல்லை. குடும்ப பைபிளில் பிறப்பும் திருமணமும் எழுதிய பக்கத்தைக் கிழித்து அனுப்பியவர்கள் பலர். சுவரில் தொங்கிய சாம்ப்ளரைக் கழற்றி அனுப்பியவர்களும் உண்டு. அவை இன்றும் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஓய்வூதியக் கோப்புகளோடு இருக்கின்றன. ஒரு கிழவி தன் வீட்டின் பெயர்களையெல்லாம் தபாலில் அனுப்பிவிட்டு, வெற்றுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

கிறிஸ்துமஸும் குடும்பப் படமும் ஒன்றுசேர்ந்தது பிறகுதான். 1843இல் ஹென்றி கோல் என்பவர் ஓவியர் ஹார்ஸ்லியைக் கொண்டு வரையச் செய்த வாழ்த்து அட்டைதான் கடையில் விற்ற முதல் கிறிஸ்துமஸ் அட்டை. அதில் மூன்று தலைமுறை ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கிறது. அந்த ஹென்றி கோல்தான் பின்னால் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநர் ஆனார். அதுதான் இன்றைய விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம். ஜேன் போஸ்டாக்கின் துணி 1960இல் வந்து சேர்ந்த இடம் அதுவே.

இன்று கிறிஸ்துமஸ் சாம்ப்ளர் தைக்க விரும்புகிறவர் பெரும்பாலும் அச்சிட்ட வரைபடம் ஒன்றை வாங்குகிறார். மரம், மான், தேவாலயம், நட்சத்திரம் எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். அதை அப்படியே தைத்தால் ஆயிரம் வீட்டில் அதே படம் தொங்கும். அழகுதான். ஆனால் ஐம்பது ஆண்டு கழித்து அதை எடுத்துப் பார்க்கும் பேத்திக்கு அது எதுவும் சொல்லாது. கடையில் வாங்கிய எவர்சில்வர் குடத்தில் பெயரும் தேதியும் வெட்டிய பிறகுதானே அது அத்தை சீராகத் தந்த குடம் ஆகிறது!

பெயர் சேர்ப்பதற்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும். நம் கடைகளில் மேட்டி துணி என்று கேட்டால் கொடுப்பார்களே, அதில் அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள வகையை எடுத்துக்கொள்வோம். ஓர் ஆங்கில எழுத்துக்கு அகலம் ஐந்து கட்டம், இடைவெளிக்கு ஒரு கட்டம். பதினொரு எழுத்துள்ள கிறிஸ்டோபருக்கு 65 கட்டம், அதாவது நாலரை அங்குலத்துக்கும் மேல். நடுவிலிருந்து எண்ணாமல் ஓரத்திலிருந்து தொடங்கினால் கடைசி எழுத்து சட்டத்துக்கு வெளியே போய்விடும். முதலில் கட்டத்தாளில் பென்சிலால் எழுதிப் பார்த்துவிடுங்கள். தமிழில் தைப்பவர்களுக்கு வேலை கூடுதல். ழ, ஞ, ஜ போன்றவற்றின் வளைவு ஐந்து கட்டத்துக்குள் அடங்காது. பத்துக் கட்டமாவது ஒதுக்க வேண்டும், இல்லையென்றால் பேக் ஸ்டிட்ச் போட்டுக் கோட்டெழுத்தாகத் தைக்க வேண்டும். சிவப்பு நூலைத் தண்ணீரில் நனைத்து, சாயம் விடுகிறதா என்று முன்கூட்டியே பார்ப்பது அவசியம். வெள்ளைத் துணியில் ஒரு தேதிமேல் சாயம் இறங்கினால் மொத்த உழைப்பும் போயிற்று.

எதைச் சேர்ப்பது என்பதுதான் பெரிய வேலை. வரைபடத்தில் இருக்கும் வீட்டை எடுத்துவிட்டு, உங்கள் பாட்டியின் வீட்டைக் கட்டத்துக்குள் கொண்டுவாருங்கள். எத்தனை ஜன்னல், வாசல் எந்தப் பக்கம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு. மரத்துக்கு அடியில் திருமணம் நடந்த ஆண்டு. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு நட்சத்திரம். பிறந்து சில நாளில் போய்விட்ட குழந்தைக்கும் ஒரு நட்சத்திரம் கட்டாயம் வேண்டும். நியூ இங்கிலாந்தின் அந்தப் பழைய மரங்களில் அப்படிப்பட்ட கனிகளும் பெயரோடு இருக்கின்றன. தேதிகளை ஞாபகத்திலிருந்து தைக்கக் கூடாது. ஞானஸ்நானப் பதிவையோ பைபிளின் முன்பக்கத்தையோ பார்த்துச் சரிபார்த்த பிறகே ஊசியை எடுங்கள். துணியில் ஏறிவிட்ட தப்பான ஆண்டைப் பின்னால் வருகிறவர்கள் உண்மை என்றே நம்புவார்கள்.

வரப்போகும் பிள்ளைகளுக்காக இரண்டு நட்சத்திர இடத்தைக் காலியாக விட்டுவையுங்கள். அதே எண் நூலில் ஒரு கண்டை வாங்கிச் சட்டத்தின் பின்புறம் ஒட்டிவையுங்கள்.

எல்லார் பெயரையும் தைத்து முடித்தவர்கள் பெரும்பாலும் ஒரு பெயரை விட்டுவிடுகிறார்கள். பழைய சாம்ப்ளர்கள் பலவற்றில் தைத்தவர் யார் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. ஜேனின் துணியில் முதலில் இருப்பது அவர் பெயர்தான், பிறகுதான் ஆலிஸ். கிறிஸ்துமஸுக்குத் தைக்கும்போது துணியின் ஓரத்தில் உங்கள் பெயரையும் தைத்த ஆண்டையும் மறக்காமல் போடுங்கள்.