தாது வருடமும் ஓர் இராத்தல் தானியமும்

ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்று வழங்கும் பாறை முனையில் நின்றால், சேலம் நகரும் அதனைச் சூழ்ந்த சமவெளியும் காலடியில் விரிந்து கிடக்கும். கவிஞர்களாகிய நாம் அங்கே பெரும்பாலும் மேகத்தைப் பாடுகிறோம். காப்பிப் பூவின் வெண்மையைப் பாடுகிறோம். மேகம் வாராது போன ஆண்டுகளில் அச்சமவெளி பட்ட பாட்டை எண்ணிப் பார்ப்பவர் நம்மிற் சிலரே.

தருமபுரி, கிருட்டிணகிரி, நாமக்கல் பகுதிகளையும் உள்ளடக்கிய பழைய சேலம் மாவட்டத்தில் 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள் ஏறத்தாழ 19 இலட்சத்து 67 ஆயிரம். 1881இல் அத்தொகை 16 இலட்சமே. இடையில் வந்தது 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம். பட்டினியாலும், பின்தொடர்ந்த காலராவாலும் காய்ச்சலாலும் மாண்டவர் போக, ஊரைத் துறந்து போனவரும் உண்டு.

அது சேலத்துக்கு மட்டும் வந்த இடரன்று. பசிபிக் பெருங்கடல் வெப்பமுற்று உலகின் மழைப் போக்கே பிறழ்ந்த காலம் அது. வட சீனத்திலும் பிரேசிலின் வடகிழக்கிலும் அதே ஆண்டுகளில் மக்கள் மடிந்தனர். வானம் பொய்த்தது எவர் குற்றமும் அன்று. அதன்பின் ஆள்வோர் செய்தது என்ன என்பதே நம் வினா.

பஞ்சம் முற்றிய வேளையில், 1877 சனவரி முதல் நாள், தில்லியில் விக்டோரியா அரசியாருக்குப் பேரரசிப் பட்டம் சாற்றும் தர்பார் நடந்தது. சென்னை ஆளுநர் பக்கிங்காம் கோமகனும் அங்கே சென்றிருந்தார். அவரது அரசு தானியம் வாங்கிச் சேமிக்க முற்பட்டதை, வணிகத்தில் அரசு தலையிடலாகாது என்று இந்திய அரசு கண்டித்திருந்தது. பின்னர்ச் செலவைக் குறைக்கும் பொருட்டுச் சர் ரிச்சர்டு டெம்பிள் சென்னைக்கு அனுப்பப்பட்டார். இவரே 1874இல் பீகாரில் பர்மா அரிசியைத் தாராளமாக இறக்கிப் பல்லுயிர் காத்தவர். அதற்காக ஊதாரி என்று வசையும் ஏற்றவர். அவ்வசை உள்ளத்தில் உறுத்தியதோ என்னவோ, சென்னையில் அவர் நேர்மாறாக நடந்தார். நிவாரணப் பணியில் நாள் முழுதும் உழைக்கும் ஆடவனுக்கு ஓர் இராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என விதித்தார்.

இதனை எதிர்த்தவர் சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் வில்லியம் கார்னிஷ். அவர் அரசின் ஊழியரே. எனினும், இந்த அளவு உழைக்கும் உடலைத் தாங்காது, பருப்பும் சேர வேண்டும், சிறைக் கைதிக்குத் தரும் உணவினும் இது குறைவு என்று ஏட்டிலேயே வாதிட்டார். மேலிடத்தின் ஆணையை மருத்துவக் கணக்கால் மறுத்த அத்துணிவை நான் பெரிதாக மதிக்கிறேன். 1877இல் சென்னை அரசு கூலியை உயர்த்தியது. அதற்குள் இழந்த உயிர்கள் இழந்தவையே. 1880இல் பஞ்ச ஆணையத்தின் அறிக்கையும், 1883இல் பஞ்ச நிவாரண விதித்தொகுப்பும் வந்தன.

பிழைக்க வழி தேடித் தமிழர் திரள்திரளாக இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குக் கப்பலேறினர். சேர்வராயன் மலையில் 1820களில் கலெக்டர் காக்பர்ன் ஊன்றிய அதே காப்பிச் செடிதான். ஆனால் 1869 முதலே இலங்கைக் காப்பி இலையில் துருநோய் பற்றியிருந்தது. பசிக்கு அஞ்சிச் சென்றவர் போய்ச் சேர்ந்த இடமும் சரிந்துகொண்டிருந்தது.

இனி நம் இனத்தார் செய்தது. மாயூரத்தில் வேதநாயகம் பிள்ளை தம் கைப்பொருளைச் செலவிட்டுக் கஞ்சித் தொட்டி வைத்தார். கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைக் கீர்த்தனையில் போற்றினார். சிவகங்கைப் புலவர் வில்லியப்ப பிள்ளையோ ‘பஞ்சலட்சணத் திருமுக விலாசம்’ என்னும் அங்கத நூலையே இயற்றினார். பசித்த மக்கள் மதுரைச் சொக்கநாதரிடம் முறையிட, அவர் தாமே சோறிடாமல் சிவகங்கை ஆட்சியாளருக்கு ஒரு திருமுகம் எழுதித் தருகிறார். தெய்வமே பொறுப்பை அரண்மனை வாயிலில் இறக்கி வைத்துவிடும் அந்தக் குறும்பை நினைக்கும்போதெல்லாம் சிரிப்பும் வருகிறது, சிறிது நேரத்தில் அச்சிரிப்பு அடங்கியும் விடுகிறது.