மாம்பலம் தண்டவாளமா, மந்தைவெளிப் பறக்கும் ரயிலா?

ரயில் பாதையை ஒட்டி வீடு வாங்கலாமா என்று சென்னையில் யாராவது கேட்டால், எந்த ரயில் பாதை என்று திருப்பிக் கேட்க வேண்டும். மேற்கு மாம்பலத்தில் தண்டவாளத்தை ஒட்டிய சந்தில் ஒரு பழைய பிளாட் விலைக்கு வருகிறது. மந்தைவெளியில் பக்கிங்காம் கால்வாய் ஓரமாக, பறக்கும் ரயில் பாலத்தைப் பார்த்தபடி இன்னொன்று. இரண்டு விளம்பரங்களிலும் ‘ஸ்டேஷன் நடக்கிற தூரம்’ என்றே போட்டிருப்பார்கள். குடிபோன பிறகுதான் இரண்டும் வேறு வேறு ஊர் என்று தெரியும்.

மாம்பலத்தின் வழியே போவது கடற்கரை–தாம்பரம் பாதை; 1931இல் மின்சார ரயில் ஓட ஆரம்பித்த தடம். லோக்கல் வண்டி மட்டும் என்றால் பெரிய தொல்லையில்லை. எழும்பூரிலிருந்து மதுரைக்கும் நெல்லைக்கும் கிளம்பும் எக்ஸ்பிரஸ்களுக்கும் இதுதான் வழி. பாண்டியன், பொதிகை, நெல்லை என்று இரவில் வரிசையாகப் போகும். விடியற்காலையில் அதே வரிசை திரும்பி வரும். ஆனால் தூக்கத்தைக் கெடுப்பது சக்கரச் சத்தம் அல்ல. அது தூரத்தில் எழும்பி, வளர்ந்து, தேய்ந்துவிடும். காது சீக்கிரம் பழகிக்கொள்ளும். ஹாரன் அப்படியில்லை. மேற்கிலிருந்து ரங்கநாதன் தெருவுக்குப் படியேறச் சோம்பிக்கொண்டு தண்டவாளத்தில் குறுக்கே இறங்குகிறவர்கள் இருக்கும்வரை டிரைவரும் ஹாரனை விடமாட்டார். குடியிருப்புப் பகுதிக்கு 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வைத்த இரவு வரம்பு 45 டெசிபல். அது எக்ஸ்பிரஸுக்குத் தெரியாது.

இங்கே தரைத்தளத்துக்கு ஒரு சின்னச் சலுகை உண்டு. ரயில்வே மதில் சுவர் சத்தத்தில் ஒரு பங்கைத் தடுத்துவிடும். மதிலுக்கு மேல் தலையெடுத்த முதல் மாடி, இரண்டாம் மாடிக்கு அந்த மறைப்பு கிடையாது. அதிர்வு மட்டும் கீழேதான் கூடுதல். பழைய சுண்ணாம்புக் கட்டடம் என்றால் விரிசலை மறைத்துப் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறார்களா என்று சுவரைத் தடவிப் பார்ப்பதில் வெட்கப்பட வேண்டாம். ஜன்னல் கம்பியிலும் விரலை வைத்துப் பாருங்கள்: துருவும் தூசியும் கலந்த பழுப்புப் பொடி ஒட்டும்.

பறக்கும் ரயிலின் குணம் வேறு. 1995இல் சேப்பாக்கம் வரை வந்து, 1997இல் மயிலாப்பூரை எட்டி, மந்தைவெளியைத் தாண்டித் திருவான்மியூர் போக 2004 ஆனது, வேளச்சேரிக்கு 2007. இதில் எக்ஸ்பிரஸ் கிடையாது, கூட்ஸ் கிடையாது. பாலத்தின் மேலே யாரும் குறுக்கே ஓடப்போவதில்லை என்பதால் ஹாரனும் குறைவு. நள்ளிரவில் ஓய்ந்துவிடும். லேசான தூக்கக்காரர்களுக்கு இதுதான் நல்லது என்று தயங்காமல் சொல்வேன். சிக்கல் உயரத்தில் இருக்கிறது. மாம்பலத்தில் மதிலுக்கு அப்பால் ஓடுகிற ரயில், இங்கே இரண்டாம் மூன்றாம் மாடிக்கு நேர் எதிரே ஓடும். பால்கனியில் வேட்டி காயப்போட்டால் வண்டியில் நிற்பவர் கரையின் நிறத்தைச் சொல்லிவிடுவார். அந்த மாடியில் படுக்கையறை பாலத்தைப் பார்த்து இருந்தால் பகலிலும் திரை போட்டே வாழ வேண்டும்.

அதைவிடப் பெரிய விஷயம், பாலத்துக்குக் கீழே இருப்பது. பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்பது பக்கிங்காம் கால்வாயில். ஒரு காலத்தில் படகு போன கால்வாய் இப்போது சாக்கடையும் சேறுமாகக் கிடக்கிறது. மாலை ஆறு மணிக்குக் கொசு. காற்று திரும்பினால் நாற்றம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கால்வாய் ஓரத்தில் வீடு பார்ப்பவர், தண்ணீர் எந்தப் படி வரை வந்தது என்று வாட்ச்மேனிடம் கேட்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. மாம்பலமும் இதில் உத்தமம் இல்லை. 2021 நவம்பர் மழையில் தி.நகர் வட்டாரமே மிதந்தது. துரைசாமி சுரங்கப்பாதை நிரம்பினால் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போக ஊரைச் சுற்ற வேண்டும். நடப்பவர்களுக்கு மட்டும் 2023இல் திறந்த ஆகாய நடைபாதை ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை கைகொடுக்கிறது.

சத்தத்துக்கு மருந்தாக இரட்டைக் கண்ணாடி ஜன்னலைச் சொல்வார்கள். சாத்தியிருக்கும்வரைதான் அது மருந்து. சென்னையில் ஜன்னலைச் சாத்தினால் ஏசி போட்டாக வேண்டும். மாதா மாதம் மின்கட்டணமும் வீட்டு விலையில் சேர்ந்ததுதான்.

நானாக இருந்தால் மாம்பலத்தை எடுப்பேன், ஆனால் தண்டவாளத்திலிருந்து இரண்டாவது வரிசையில். முன்வரிசைக் கட்டடமே சத்தத்துக்கு மதிலாக நிற்கும். தெரு ஒன்று தள்ளிப் போனால் ஹாரன் அடங்கும். கால்வாயின் கொசு அந்த ஒரு தெருவோடு நிற்காது. முன்வரிசைதான் கிடைக்கிறது என்றால் பத்திரத்தோடு இன்னொரு தாளையும் கேளுங்கள். ரயில்வே எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் கட்ட ரயில்வேயின் தடையின்மைச் சான்று வேண்டும். மேற்கு மாம்பலத்துப் பழைய பிளாட்டைப் பலர் வாங்குவதே, என்றாவது இடித்துக் கட்டும்போது யுடிஎஸ் என்கிற பிரிக்கப்படாத நிலப் பங்குக்குப் பெரிய வீடு வரும் என்ற நம்பிக்கையில்தான். அந்த நாளில் மறுபடி ரயில்வேயிடம் போய் நிற்க வேண்டும்.

புரோக்கர் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குத்தான் வீட்டைக் காட்டக் கூப்பிடுவார். அன்றைக்கு லோக்கல் வண்டி குறைவு, எக்ஸ்பிரஸ் நெரிசல் எப்போதோ முடிந்திருக்கும். சாவியை வாங்கிக்கொண்டு வார நாளில் விடியற்காலை நாலரைக்குப் போய், படுக்கையறைத் தரையில் அரை மணி நேரம் படுத்துப் பாருங்கள். சாவி தர மறுத்தால் பேரத்தில் இன்னும் கொஞ்சம் இறங்கலாம். பின்னால் நீங்கள் விற்கும்போது வருகிறவரும் அதே சாவியைத்தான் கேட்பார்.