தடையும் மாற்று வழியும்: இலண்டன் புகை கூறும் பாடம்

2015ஆம் ஆண்டு புகைமூட்ட விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், "ஐயா, புகை விடக்கூடாது என்று சட்டம் போட்டால் போதாதா?" என்று வினவினான். உடனே விடை கூற என்னால் இயலவில்லை. பின்னாளில் இலண்டன் மாநகரின் வரலாற்றைப் படித்தபோதுதான் தெளிவு பிறந்தது.

1307இல் மன்னர் முதலாம் எட்வர்டு, இலண்டன் சுண்ணாம்புக் காளவாய்களில் நிலக்கரி எரிப்பதைத் தடை செய்தார். நிலக்கரியோ விறகைவிட மலிவு. ஆணை ஏட்டளவில் நின்றது. 1853இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், தொழிற்சாலை உலைகளும் தேம்சு ஆற்று நீராவிப் படகுகளும் புகையைக் குறைக்க வேண்டும் என்றது. ஆனால், வீட்டு அடுப்புகளை அது தொடவேயில்லை.

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை காற்று அசைவற்று நின்றது. குளிர்ந்த காற்றின் மேல் வெப்பக் காற்று மூடிபோல் அமைந்ததால், நிலக்கரிப் புகை மேலெழ வழியின்றி நகருக்குள்ளேயே தேங்கியது. ஏறத்தாழ 4,000 பேர் மாண்டனர் என அன்று கணக்கிடப்பட்டது; பிற்கால ஆய்வு ஒன்று ஏறத்தாழ 12,000 பேர் என்கிறது.

அடுத்த ஆண்டு சர் ஹியூ பீவர் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. புகையில் ஏறத்தாழப் பாதி வீட்டு அடுப்புகளிலிருந்தே எழுகிறது என்று அக்குழு கண்டறிந்தது. அதன் விளைவே 1956ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம். ஆலைப் புகைபோக்கிகள் கரும்புகை கக்குவதை அது தடுத்தது. புதிய உலைகள் இயன்றவரை புகையின்றி இயங்க வேண்டும் என்றது. உள்ளூராட்சி மன்றங்கள் புகைக் கட்டுப்பாட்டு வட்டாரங்களை அறிவிக்கவும் வழிவகுத்தது. அவ்வட்டார மக்கள் கல்கரி, எரிவாயு, மின்சாரம் ஆகியவற்றுக்கு மாற வேண்டியிருந்தது. அதற்காக அடுப்பை மாற்றும் செலவில் 70 விழுக்காட்டை உள்ளூராட்சி மன்றமே திருப்பித் தந்தது!

பலன் உடனே கிட்டவில்லை. 1962 டிசம்பரில் நச்சுப்புகை மீண்டும் நூற்றுக்கணக்கானோரைப் பலிகொண்டது. எனினும், வட்டாரம் வட்டாரமாகக் கரும்புகை குறைந்தது.

தடை மட்டும் போதாது; மாற்று வழியையும் கையில் கொடுக்க வேண்டும். இதுவே அம்மாணவனுக்கு நான் கூறவேண்டிய விடை. வீட்டில் அமர்ந்து எழுத இடமில்லாத பிள்ளையை, வீட்டுப்பாடம் செய்யவில்லை என்று நானும் கடிந்துள்ளேன். இப்போது அத்தகைய பிள்ளைகளைப் பள்ளி முடிந்ததும் அரைமணி நேரம் வகுப்பிலேயே அமர்ந்து எழுதச் செய்கிறேன். ஆசிரியர்களும் பெற்றோரும் சிந்திப்போமாக.