நீரும் நிறமும்: துறைமுகம் இல்லாத கடற்கரை

ஐரோப்பியக் கடலோவிய மரபில் நெடுங்காலம் முதலிடம் பெற்றது கப்பலே. கொடி, பாய், பீரங்கி வரிசை ஆகியவற்றைப் பிழையின்றிக் காட்டுவதே ஓவியனின் திறமாக மதிக்கப்பட்டது. பதினேழாம் நூற்றாண்டில் வான் டி வெல்டே தந்தையும் மகனும் ஹாலந்திலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுசென்ற இம்மரபில் வந்த சாமுவேல் ஸ்காட், ஜார்ஜ் லாம்பர்ட்டுடன் இணைந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் தங்கிச் செல்லும் ஆறு இடங்களை வரைந்தார். ஒவ்வொன்றும் பதினைந்து கினி விலையில் 1732இல் கம்பெனி பெற்றுக்கொண்ட அந்த ஓவியங்களுள் சென்னைச் செயின்ட் ஜார்ஜ் கோட்டையும் ஒன்று. எனினும் வரைந்த இருவருமே அக்கரையை நேரில் கண்டவர்கள் அல்லர்.

சென்னைக் கடலின் தனித்தன்மை கப்பலில் இல்லை, கரையில் இருந்தது. அங்குத் துறைமுகம் இல்லாமையால் கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிட்டன. ஆளும் சரக்கும் மசூலாப் படகில் ஏறியே கரைசேர வேண்டியிருந்தது. ஆணி அடித்து இறுக்கிய ஐரோப்பியப் படகுகள் கரையில் உடையும் அலைகளில் மோதிச் சிதறிவிடும் என்பதால், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து, அலையின் தாக்குதலுக்கு வளைந்துகொடுக்குமாறு மசூலாவைக் கட்டினர். படகும் செல்ல இயலாத நாள்களில், கட்டுமரக்காரர்கள் பனையோலைத் தொப்பிக்குள் கடிதங்களை நனையாமல் வைத்துக் கப்பலுக்குக் கொண்டுசென்றனர்.

இக்கரையை நேரில் கண்டு வரைந்தவர்களுள் முதன்மையானவர்கள், 1792இல் சென்னைக்கு வந்த தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரன் மகன் வில்லியமும் ஆவர். ராயக்கோட்டை முதலிய மலைக்கோட்டைகளையும், திருநெல்வேலிச் சீமையில் பாபநாசம் அருவியையும் வரைந்த அவர்கள், 1797இல் வெளியிட்ட செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் காட்சியில் கடலையும் படகுகளையும் முன்னே நிறுத்தினர். செப்புத் தகட்டில் குங்கிலியப் பொடியைப் படியவைத்து அமிலத்தால் அரிக்கச் செய்யும், அக்காட்சிக்குப் பயன்பட்ட அக்வாடின்ட் என்னும் அச்சுமுறை, கோடுகளோடு நில்லாமல் நீர்வண்ணம் பரவினாற்போன்ற சாயல்களையும் தரவல்லது. நீரையும் வானையும் காட்ட அது பெரிதும் உதவியது. சென்னைக்கு வந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின் 1833இல், சூறைக்காற்று கடந்துசெல்லும் சென்னைக் கடலை வில்லியம் மீண்டும் எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார்.

1875இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1881ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்து, மறுபடியும் எழுப்பப்பட்ட துறைமுகம் மசூலாவின் தேவையைக் குறைத்தது. ஆட்சியின் பெருமையைக் காட்டப் பிறந்த ஓவிய வகை, அந்த ஆட்சி ஒவ்வொரு முறை கரையேறவும் உள்ளூர்ப் படகோட்டிகளின் தொழிலறிவையே நம்பியிருந்ததற்குச் சான்றாகவும் அமைந்துவிட்டது.