கை மாறும் செய்தி: கம்பியில்லா வலைப்பின்னலின் வரலாறு

செட்டிநாட்டு வீடுகளின் நீளம் வாசகர்கள் அறிந்ததே. நேமத்தான்பட்டி போன்ற ஊர்களில் ஒரு தெருவில் தலைவாசல் வைத்துத் தொடங்கும் வீடு, அடுத்த தெருவில் போய்த்தான் முடிகிறது. முகப்பில் இருப்பவர் அடுப்படியில் இருப்பவருக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு இரண்டு வழிகள் உண்டு. தொண்டை கிழியக் கத்தலாம். அல்லது வளவில் இருப்பவரிடம் மெல்லச் சொல்லலாம். அவர் இரண்டாங்கட்டில் இருப்பவரிடம் சொல்ல, அங்கிருந்து செய்தி அடுப்படிக்குப் போய்ச் சேரும்.

வானொலி அலைகளால் செய்தி அனுப்புவோருக்கும் இவ்விரு வழிகளே உள்ளன. முதல் வழியில் வளர்ந்தவை வானொலி நிலையங்கள். இரண்டாம் வழியில் வளர்ந்தது குறைந்த ஆற்றல் கம்பியில்லா வலைப்பின்னல். இன்று வீட்டு விளக்கையும் கதவுப் பூட்டையும் இணைக்கும் இம்முறை, மூணாற்று மலைச்சரிவில் மனித உயிர்களுக்குக் காவலாகவும் நிறுத்தப்பட்டது. அந்த வரலாற்றைக் காண்போம்.

கத்துவதா, கை மாற்றுவதா?

திறந்த வெளியில் வானொலி அலையின் செறிவு, தொலைவின் இருபடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது என்பதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். 100 மீட்டரை ஒரே தாவலில் கடக்க ஒரு பங்கு திறன் தேவையானால், 10 மீட்டரைக் கடக்க நூறில் ஒரு பங்கு போதும். அத்தகைய பத்துத் தாவல்களுக்கும் சேர்த்துப் பத்தில் ஒரு பங்குதான் ஆகிறது. தரையை ஒட்டிச் செல்லும் அலை இதைவிட விரைவாகத் தேய்வதால், அங்கே ஆதாயம் இன்னும் கூடும்.

வேறொரு நன்மையும் உண்டு. இடையில் ஒரு கருவி பழுதானால், செய்தி பக்கத்துக் கருவி வழியாகச் சுற்றிக்கொண்டு போய்விடும். ஆனால் இதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டும். ஒவ்வொரு கருவியும் அண்டைக் கருவியின் பேச்சுக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். கேட்பதற்கும் மின்சாரம் செலவாகும் அல்லவா? இந்தச் சிக்கலைத் தீர்ப்பதிலேயே பல ஆண்டுகள் கழிந்தன.

ஹவாயில் ஒரு தொடக்கம்

1971ஆம் ஆண்டு ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் ‘அலோஹா’ என்னும் அமைப்பை இயக்கினர். பல தீவுகளில் இருந்த கணிப்பொறி முனையங்கள் ஒரே அலைவரிசையில் பேசின. இரண்டு முனையங்கள் ஒரே நேரத்தில் பேசினால் செய்திகள் மோதிச் சிதையும். அப்போது ஒவ்வொன்றும் தற்செயலான ஒரு கால அளவு காத்திருந்து மீண்டும் அனுப்பும். இம்முறையில் அலைவரிசையின் கொள்ளளவில் ஏறக்குறைய 18 விழுக்காடுதான் பயன்படும். எனினும், யாரும் முறை வகுத்துக் கொடுக்காமலே பலர் ஓர் அலைவரிசையைப் பகிர்ந்துகொள்ளலாம் என்பது உறுதியாயிற்று.

அதே பத்தாண்டில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையினர், செய்தியைச் சிறு பொட்டலங்களாக வெட்டி வானொலிப் பெட்டிகள் வழியே கைமாற்றி அனுப்பும் சோதனைகளைச் செய்தனர். ஆனால் அப்பெட்டிகள் வண்டியில் ஏற்றிச் செல்லும் அளவுக்குப் பெரியவை. மின்சாரத்தையும் வாரி இறைப்பவை.

1990களில் சிலிக்கான் சில்லுகள் சுருங்கிய பிறகே நிலைமை மாறியது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த கிரிஸ் பிஸ்டர், ‘அறிவுள்ள தூசி’ என்ற கருத்தை 1997இல் முன்வைத்தார். உணரி, கணிப்பொறி, வானொலி, மின்கலம் ஆகிய நான்கையும் ஒரு துகளுக்குள் அடக்குவது அவர் கனவு. தூசியளவு எட்டப்படாவிட்டாலும், தீப்பெட்டி போன்ற சிறு கருவிகள் வந்துவிட்டன. 2002ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவின் கிரேட் டக் தீவில், கடற்பறவைகள் முட்டையிடும் வளைகளை ஆராய அத்தகைய 32 கருவிகள் வைக்கப்பட்டன. பறவைகளைத் தொந்தரவு செய்யாமலே வளைக்குள் இருந்த வெப்பநிலை தெரிந்தது.

உறங்கத் தெரிந்த கருவி

2003இல் ‘ஐ.ஈ.ஈ.ஈ. 802.15.4’ என்ற பொது விதி வெளியாயிற்று. நொடிக்கு 2,50,000 பிட் வேகம், ஒரு பொட்டலத்துக்கு அதிக அளவாக 127 பைட் என எல்லாம் சிக்கனம். இதன்மேல் எழுப்பப்பட்ட ‘ஜிக்பீ’ முறை 2004 டிசம்பரில் உறுதி செய்யப்பட்டது. தேனீயின் வளைந்து வளைந்து ஆடும் நடனமே இப்பெயருக்கு மூலம்.

சிக்கனத்தின் உயிர்நாடி உறக்கமே. ஒரு கணக்கைப் பாருங்கள். கேட்கும் நிலையில் ஒரு கருவி 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் எடுக்கிறது என்போம். 2000 மில்லி ஆம்பியர்-மணி மின்கலம் 100 மணி நேரத்தில், அதாவது நான்கே நாளில் தீர்ந்துவிடும். அதே கருவி நூறில் ஒரு பங்கு நேரமே விழித்திருந்தால், சராசரி மின்னோட்டம் 0.2 மில்லி ஆம்பியராகிறது. உறக்கத்தில் ஆகும் மிகச் சிறு செலவை விட்டுவிட்டால், மின்கலம் 10,000 மணி நேரம், அதாவது ஓராண்டுக்கு மேல் உழைக்கும்!

மின்கலம் இல்லாமல் இக்கதை இல்லை. நமது காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் வழங்கிய 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொண்டு உருவாகி, 1953 ஜனவரி 14இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், லித்தியம் மின்கலங்கள் உள்ளிட்ட துறைகளில் ஆய்வு செய்துவருவதை இங்கே நினைவுகூரலாம்.

இந்தியாவில் சட்டமும் வழிவிட வேண்டியிருந்தது. 1933ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி, உரிமம் இன்றி வானொலிக் கருவி வைத்திருப்பதே குற்றம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைப்பட்டையில் குறைந்த திறன் கருவிகளுக்கு உரிம விலக்கு அளிக்கும் விதிகள் 2005இல் வந்தன. அதன் பிறகே இத்துறை இங்கு தடையின்றி வளர முடிந்தது.

மூணாற்றுச் சரிவில்

மழைக்காலத்தில் மலை ஏன் சரிகிறது? மண்துகள்களுக்கு இடையிலான உராய்வே சரிவைத் தாங்கிப் பிடிக்கிறது. மழைநீர் உள்ளே இறங்கி இடுக்குகளை நிரப்பும்போது, நீரின் அழுத்தம் துகள்களைத் தள்ளுகிறது. துகள்கள் ஒன்றையொன்று அழுத்தும் விசை குறைகிறது. விசை குறைய உராய்வும் குறைகிறது. ஒரு கட்டத்தில் மண் தன் எடையைத் தாங்காமல் வழுக்கி இறங்குகிறது. ஆகவே, மண்ணுக்குள் இருக்கும் நீரழுத்தத்தை இடைவிடாது அளந்தால் ஆபத்தை முன்கூட்டியே உணர வாய்ப்பு உண்டு.

இந்த எண்ணத்துடன் அமிர்த விசுவ வித்யாபீடத்தைச் சேர்ந்த மனீஷா உள்ளிட்ட ஆய்வாளர்கள், கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில் மூணாற்றின் அந்தோணியார் காலனியைத் தேர்ந்தெடுத்தனர். 2009இல் அங்கே சுமார் 50 உணரிகளும் 20 கம்பியில்லா முனைகளும் வேலை செய்யத் தொடங்கின. ஆழத் துளையிட்டுக் குழாய்கள் இறக்கப்பட்டன. நீரழுத்தம், மண்ணின் ஈரம், குழாயின் சாய்வு, தரையின் அதிர்வு ஆகியவற்றை உணரிகள் அளந்தன. கீழ்நிலை முனைகள் அளவுகளை மேல்நிலை முனைகளிடம் சேர்க்க, அவை தொகுத்துக் கைமாற்றி வாயில் கருவிக்கு அனுப்பின. அங்கிருந்து செயற்கைக்கோள் வழியாகக் கொல்லம் மாவட்ட வளாகத்துக்குச் செய்தி சென்றது. வறண்ட நாளில் கருவிகள் அதிகம் உறங்கும். அளவுகள் எல்லையைத் தாண்டினால் அடிக்கடி விழித்துப் பேசும். 2009 ஜூலையில் கனமழை பெய்தபோது இவ்வமைப்பு எச்சரிக்கை விடுத்தது.

பெட்டிமுடி சொல்லும் பாடம்

2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு, அதே மூணாற்றுப் பகுதியில் பெட்டிமுடி என்ற தேயிலைத் தோட்டக் குடியிருப்பின்மேல் மலை சரிந்தது. எழுபது உயிர்கள் போயின. பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றுப்போயிருந்ததால், மறுநாள் காலையில்தான் செய்தி வெளியுலகை எட்டியது.

அந்தோணியார் காலனியில் இருந்தது போன்ற வலைப்பின்னல் பெட்டிமுடிச் சரிவில் இல்லை. இதிலிருந்து நாம் அறிய வேண்டியது என்ன? உணரி தான் நிற்கும் மண்ணை மட்டுமே அறியும். ஒரு சரிவின் செய்தி அடுத்த சரிவுக்குப் பொருந்தாது. அந்தோணியார் காலனி போன்ற ஓர் இடத்தில் வெற்றி பெற்ற முறையை நூறு இடங்களுக்குக் கொண்டுசெல்ல, துளையிடவும் மின்கலம் மாற்றவும் ஆண்டுதோறும் சோதிக்கவும் ஆட்களும் பணமும் வேண்டும். அதோடு, கடைசித் தாவல் கருவியிலிருந்து மனிதருக்கு. எச்சரிக்கையைப் பெற்றவர், நள்ளிரவானாலும் லயத்துக் கதவுகளைத் தட்டி எழுப்பினால்தான் உயிர்கள் பிழைக்கும்.

இதற்கிடையில் வீட்டுக் கருவிகளுக்கான முறைகள் பெருகிவிட்டன. 2014இல் ‘திரெட்’ அமைப்பு தோன்றியது. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் தம்முள் பேச ‘மேட்டர்’ என்ற பொது மொழி 2022இல் வந்தது. விளக்கை அணைக்கும் அதே சில்லு, மலையின் நாடியையும் பிடித்துப் பார்க்க வல்லது. வெப்பநிலை உணரி ஒன்றையும் இரண்டு மூன்று வானொலிச் சில்லுகளையும் கொண்டு, ஒரு கல்லூரி ஆய்வகத்திலேயே இம்முறையைச் செய்து பார்க்கலாம். மாணவர்களே, முயன்று பாருங்கள். காவல் இல்லாத சரிவுகள் இன்னும் பல உள்ளன.